நாற்பது பேர், ஒரு வாள், ஒரு பன்றி

2004 நவம்பரில் ப்ளிஸார்ட் கம்பெனி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை இறக்கியபோது, அதில் மாவீரன் ஆவது லேசுப்பட்ட காரியமா என்ன? மோல்டன் கோர் என்ற நெருப்புக் குகைக்குள் நாற்பது பேர் சேர்ந்து போக வேண்டும். அதில் ஒருத்தர் நிச்சயம் டீ போட எழுந்து போயிருப்பார். குகையின் பெரிய ராட்சசனான பாஸ் செத்தால் விழுவது இரண்டு மூன்று சாமான். யாருக்கு முதல் உரிமை என்று பார்க்க பாயின்ட் கணக்கு. ராட்சசனைக் கொன்ற கையோடு எக்செல் ஷீட்டைத் திறந்த வீரர்களைப் புராணத்தில்கூடப் பார்க்க முடியாது!

இப்படி உசத்திச் சாமானுக்கு அடையாளமான ஊதா நிறத்தில் ஒரு வாள் வாங்கியவர், விளையாட்டில் வரும் அயர்ன்ஃபோர்ஜ் நகரத்து பேங்க் வாசலில் வேலையே இல்லாமல் நிற்பார். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

2007 ஜனவரியில் 'பர்னிங் க்ரூசேட்' என்ற விரிவாக்கம் வந்தது. நம்மாள் கம்பீரமாக டார்க் போர்ட்டல் என்ற வாசலைத் தாண்டிப் புது உலகத்துக்குப் போனார். நாலு பன்றியை அடித்து ஏதோ சில்லறை வேலை முடித்தார். கூலியாக ஒரு சாதாரணப் பச்சை நிறச் சாமான். பார்த்தால், பலருடைய ஊதாவைவிட அது உசத்தி! ராத்திரி எட்டு மணிக்கு நோட்டு செல்லாது என்று டிவியில் கேட்ட முகம்தான் அவர்களுக்கு. நாற்பது பேர் படையும் இருபத்தைந்தாகச் சுருங்கியது. மிச்சம் பதினைந்து பேர் நண்பர்கள் இல்லை என்று அன்றைக்குத்தான் கில்டு என்ற வீரர் குழுக்களுக்கு ஞாபகம் வந்தது.

குகைக்குள் கூட வர, காயம் ஆற்றும் ஹீலருக்காகச் சந்தையில் தொண்டை கிழியக் கத்துவதும் 2009 டிசம்பரில் முடிந்தது. டன்ஜன் ஃபைண்டர்! பட்டனை அழுத்தினால் ஆளும் வருவார், குகையும் வரும். பலரும் வேறு வேறு சர்வர்காரர்கள் என்பதால், சாமானைச் சுருட்டினாலும் சொந்த ஊரில் பெயர் கெடாது. திருடனுக்கு இவ்வளவு வசதி எந்த ராஜா செய்து கொடுத்தான்?

2014இல் விளையாட்டுக்குள் ஆளுக்கொரு கோட்டை கொடுத்தார்கள். எல்லோரும் கமாண்டர். சல்யூட் அடித்ததெல்லாம் கம்ப்யூட்டர் பொம்மைகள். வீட்டிலேயே எல்லாம் கிடைத்ததால் ஊருக்குள் ஈ காக்கை இல்லை. ஒரு கோடிச் சந்தாதாரர்கள் அடுத்த ஜூன் முடிவதற்குள் 56 லட்சம் ஆனார்கள்.

பழைய விளையாட்டே வேண்டும் என்று 2013இலேயே ஒரு ரசிகர் கேட்டார். வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, உண்மையில் வேண்டாம் என்றார் ப்ளிஸார்டின் ஜே. ஆலன் பிராக். 2017இல் பழையதையே திரும்பத் தருகிறோம் என்று மேடையேறி அறிவித்தவர் யார் தெரியுமா? அதே பிராக்!

2019 ஆகஸ்டில் அந்தப் பழைய விளையாட்டு 'கிளாசிக்' என்ற பெயரில் திறந்தது. உள்ளே போகவே மணிக்கணக்கில் காத்திருப்பு. உள்ளே போனால், ஒரே ஒரு அரக்கனைக் கொல்ல மாவீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு மாதச் சந்தா வேறு.