பெயர்ப்பலகை பல, சமையல்கட்டு ஒன்று

கேள்வி: குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் என்று இத்தனை பிரவுசர்கள் மோதுகின்றன. பிறகும் போட்டி குறைந்துவிட்டது என்கிறீர்களே?

பதில்: நீங்கள் சொன்ன நான்கும் ஓடுவது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற பொது அடித்தளத்தில். ஓபரா 2013-லும் எட்ஜ் 2020-லும், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் சொந்த எஞ்சினைக் கைவிட்டு இதற்கு வந்து சேர்ந்தன. தனி எஞ்சினோடு நிற்கும் பெரிய பிரவுசர்கள் ஆப்பிளின் சஃபாரியும் மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸும்தான்.

கேள்வி: நல்ல பிரவுசர் ஒன்றே ஜெயித்துவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம்?

பதில்: ஒருமுறை ஜெயித்தது, பட்டோம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸோடு இலவசமாக வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அன்று முன்னணியில் இருந்த நெட்ஸ்கேப் பிரவுசரை வீழ்த்தியது. 1998-ல் அமெரிக்க அரசே மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. தீர்ப்பு வருவதற்குள் சந்தை கைமாறிவிட்டது. 2001-ல் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாவது எப்போது தெரியுமா? 2006-ல்! எதிரி இல்லாதவனுக்கு என்ன அவசரம்? நடுவில், 2004-ல், டேப் வசதியோடும் பாப்-அப் தடுப்போடும் ஃபயர்ஃபாக்ஸ் வந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் விழித்தது.

கேள்வி: வேகத்தைக் கொண்டுவந்தது குரோம்தானே?

பதில்: சந்தேகமில்லை. கூகுளுக்காக டென்மார்க்கில் லார்ஸ் பாக் குழு உருவாக்கிய வி8 எஞ்சின், இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை நேராக மெஷின் கோடாக மாற்றி ஓட்டியது. 2008-ல் அதோடு குரோம் வந்தது. அதே ஆண்டு மொஸில்லாவும் ஆப்பிளும் தங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்களை முடுக்கின. மூவரும் ஓடியதால்தான் மூன்றும் வேகமாயின.

கேள்வி: குரோம் திட்டத்தை நடத்தியவர் நம் சுந்தர் பிச்சை. விட்டுக்கொடுக்கலாமா?

பதில்: மதுரையில் பிறந்தவரின் சாதனை, பெருமைப்படுவோம். ஆனால் அன்று குரோமுக்கும் நுழைய இடம் கிடைத்ததே, அந்த இடம் அடுத்தவருக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: இன்று எது வேகம்?

பதில்: சாதாரண வேலைக்கு வித்தியாசம் தெரியாது. பக்கம் திணறினால் முதலில் விளம்பரங்களைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸ் தாக்குப்பிடிக்குமா?

பதில்: அதன் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக கூகுளே தருவது. போட்டியாளர் தரும் பணத்தில் வாழ்வது ஆபத்தான நிலை. அதைவிட ஆபத்து, ஆள் குறையக் குறைய இணையதளம் கட்டுபவர்கள் அதில் சோதித்தே பார்ப்பதில்லை. இரண்டாவது பிரவுசராகவாவது வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியின் தளம் அதில் திறக்கவில்லையா, வங்கிக்குப் புகார் எழுதுங்கள்.