ஆயாக்கொட்டகை மறுபடி திறந்தது

பிறந்த பூனைக்குட்டிக்குத் தானாக ஒன்றுக்குப் போகத் தெரியாது. பால் குடித்து வயிறு உப்பிய பிறகு தாய் அதன் அடிப்பகுதியை நக்கிவிட வேண்டும். நக்கினால்தான் மூத்திரம், நக்கினால்தான் மலம். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு இதுதான் ஏற்பாடு. படைத்தவன் இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான் என்றே நினைக்கிறேன். மாட்டுக்கன்று விழுந்த சற்று நேரத்தில் எழுந்து நிற்கிறது. கோழிக்குஞ்சு ஓட்டை விட்டு வந்த கையோடு மண்ணைக் கொத்துகிறது. பூனைக்குட்டியை மட்டும் கண்ணையும் காதையும் மூடி, ஒன்றுக்குப் போகும் உரிமையையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவைத்திருக்கிறான்.

தாய் நக்க மறுத்தால்? வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, மெதுவாகத் தடவிவிட வேண்டும். செம்பனை ஆலையில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அரசாங்கம் ஓய்வுகால வழிகாட்டி எதுவும் தருவதில்லை. தந்திருந்தாலும் அதில் இந்த வேலை இருந்திருக்காது.

ஜொகூரில் எங்கள் லாயாங் லாயாங் சின்ன ஊர். ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவில், ரயில் பாதையோரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தோட்ட நிர்வாகங்கள் எலி பிடிக்கக் கம்பங்களில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கின்றன. எங்கள் தாமானில் அந்த இலாகா பூனைகளிடம் இருக்கிறது. கூகை சம்பளம் கேட்பதில்லை. பூனை மூன்று வேளை மீன் கேட்கும்.

நம் கதாநாயகியும் அப்படி வந்தவள்தான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எங்கள் பூனை, மற்ற நேரத்தில் யாருடையவள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். வால் பாதி, அதன் நுனியில் ஒரு முடிச்சு. கதவிடுக்கில் மாட்டிய வால் என்றே வெகுகாலம் இரக்கப்பட்டு ஒரு மீன் கூடுதலாக வைத்தார் என் மனைவி. பிறகுதான் தெரிந்தது, மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளுக்கு வால் குட்டையாக, பெரும்பாலும் நுனியில் முடிச்சோடு இருக்கும் என்று டார்வினே 1868-இல் வந்த தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார் என்பது. அனுதாபத்துக்கு வாங்கிய மீனை அவள் திருப்பித் தரவில்லை.

வாசலில் செருப்பு அடுக்கும் ராக்கையின் கீழ்த்தட்டில் நான்கு குட்டி போட்டாள். நாலையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விட்டாள்.

"ஒடனே கைய வைக்காதீங்க தம்பி. தாய் வருதான்னு பாப்போம்" என்றார் எதிர்வீட்டு ஆயா. பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பது நாம் அறிந்ததுதான். பாதி வீடு மாற்றிக்கொண்டிருக்கும் தாயின் குட்டிகளைப் பார்த்து, "ஐயோ அநாதை" என்று தூக்கிப்போய்விடும் புண்ணியவான்கள் ஏராளம். ஆகவே தள்ளி நின்று காத்திருந்தோம். வந்தாள். மீனைச் சாப்பிட்டாள். ராக்கையிலிருந்து நான்கு தொண்டைகள் கீச்சிட்டபோது, பக்கத்து வீட்டு வானொலி சத்தமாக இருக்கிறதே என்ற முகபாவத்தோடு காதை ஒரு பக்கம் திருப்பினாள். மறுபடி கூரை. தலைப்பிரசவத்தில் சில பூனைகள் மிரண்டு விலகும், பால் கட்டி வலித்தாலும் விலகும், நோய்ப்பட்ட குட்டியையும் ஒதுக்கும். இவளுக்கு இது தலைப்பிரசவமும் இல்லை, வயிற்றில் வலியும் தெரியவில்லை. காரணம் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

பிறகு கூடியது ஆலோசனைக் குழு. தேத்தண்ணிக் கடைக்காரர், டின்பாலைச் சுடுதண்ணியில் கலக்கிக் கொடுங்கள், என் பிள்ளைகளே அதில்தான் வளர்ந்தன என்றார். அவர் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் வால் இல்லை. பின்வீட்டு மக்சிக், "கெசியான், கெசியான்" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஆட்டுப்பால் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் தொலைபேசியில் வேதாந்தம் என்றார். அதற்குப் பிறகு வருகிறேன். குளுவாங்கில் கால்நடை மருத்துவர் சொன்னது சுருக்கம்: மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை குட்டிக்குச் செரிக்காது, வயிற்றால் போகும், அந்த வயிற்றுப்போக்கே கொன்றுவிடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வாங்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவிலும்.

ஆனால் உண்மையான தலைமை மருத்துவர் எதிர்வீட்டு ஆயாதான். ஆயா என்பது உறவல்ல, உத்தியோகம். உலு ரெமிஸ் பக்கம் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை பார்த்தவர். விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். வரிசையாகத் தொங்கும் ஏணைகள். ஒன்று அழுதால் மற்றவை கோரஸ் பாடும். எந்த அழுகை பசி, எந்த அழுகை ஈரம், எந்த அழுகை சும்மா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாராம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, கொட்டகைகளும் மூடின. மெகி அட்டைப்பெட்டிக்குள் நான்கு குட்டிகளைப் பார்த்ததும் அவர் இடுப்பில் சேலையைச் செருகிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பதவி பறிபோன அமைச்சர் மறுபடி பிரமாணம் எடுக்கும் வேகம்.

"மொதல்ல சூடு. அப்பறம்தான் பாலு" என்றார். ஜொகூரில் குளிரா என்று கேட்டேன். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் சுற்றிலும் 30 டிகிரி வேண்டும். மழை பெய்த இரவில் நம்மூர் 23, 24-க்கு இறங்கிவிடும். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் வயிற்றில் செரிக்காமல் தங்கும். இதை மருத்துவரும் சொன்னார், ஆயாவும் சொன்னார். ஆயா அதட்டிச் சொன்னதால் நினைவில் நின்றது. ஹன்ட்ரட் பிளஸ் போத்தலில் வெந்நீரை விளாவி ஊற்றி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தோம். மறு மூலை காலி, சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆயாவுக்கும் மருத்துவருக்கும் மோதல். மடியில் மல்லாத்திப் போட்டுத்தான் ஆயா பிள்ளைகளுக்குப் பாலாடையில் புகட்டியிருக்கிறார். பூனைக்குட்டியை மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். கவிழ்ந்து, தலையை லேசாகத் தூக்கிக் குடிப்பதுதான் அதன் முறை. "என்னா புள்ளையோ, குப்புறப் படுத்துக் குடிக்கிது" என்று அலுத்துக்கொண்டே ஒத்துழைத்தார். பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புறப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னார் கம்பர். எங்கள் ஆட்களுக்கு வேளைக்கு மூன்று நான்கு மில்லிலிட்டர்தான் பாற்கடல். அடக்கம் மட்டும் ஒருவருக்கும் கிடையாது.

இனி மச்சான். பெருமாள் பக்தர், படித்தவர். வைணவத்தில் இரண்டு நியாயம் உண்டு என்று ஆரம்பித்தார். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது வடகலை, தேசிகர் வழி. பூனைக்குட்டி ஒன்றுமே செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும். அது தென்கலை, பிள்ளை லோகாச்சாரியார் வழி. "முழுச் சரணாகதி மாப்ள. குட்டி சும்மா இருந்தாப் போதும்."

"குட்டி நாலும் சும்மாதான் இருக்கு. கவ்வ வேண்டியவ கூரை மேல இருக்கா."

"பகவான் சில சமயம் வேற ரூபத்துல வருவான்."

"அந்த ரூபத்துக்கு முட்டிவலி மச்சான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழ முடியல." தத்துவம் இந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது.

ராத்திரி இரண்டு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்தில் சரக்கு ரயில் போகும். நான் ஒரு கையில் குட்டி, மறு கையில் பஞ்சு. தலைக்கு மேலே தகரக் கூரையில் தாயானவள் ஒரு சாம்பல்நிறக் கடுவனோடு சரசம். பால் கொடுக்காத பூனை சில வாரங்களிலேயே அடுத்த துணை தேடிவிடும். அவள் பிள்ளைகளுக்கு நான் மூத்திரம் துடைத்துக்கொண்டிருக்க, அவள் எனக்கு அடுத்த வேலை தயார் செய்துகொண்டிருந்தாள். இவ்வளவு திறமையாக வேலையைப் பிறர் தலையில் கட்டிய மேலாளர் ஆலையில்கூட இருந்ததில்லை.

கிராணிப் புத்தி போகவில்லை. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை டன் கணக்கில் எடை பார்த்துப் பதிந்த கை, மனைவியின் கேக் தராசில் குட்டிகளை நிறுத்தது. பிறந்த குட்டி நூறு கிராம் சொச்சம். தினமும் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். கோடு போட்ட நோட்டில் பத்தி பிரித்தேன்: எடை, பால், ஒன்று, இரண்டு. மனைவி கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் அந்த நோட்டைக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் 'இரண்டு' என்ற பத்தியை உன்னிப்பாகப் படித்துவிட்டு, கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு குட்டியின் எடை மட்டும் ஏறவில்லை. பால், சூடு, மருத்துவர், எல்லாம் செய்தும் போய்விட்டது. கைவிடப்பட்ட குட்டிகளில் இப்படிப் போவது உண்டு என்றார் மருத்துவர். ஆயா ஒன்றும் சொல்லாமல் ரம்புத்தான் மரத்தடியில் குழி தோண்டினார். நோட்டில் அந்த வரிசையை அடிக்க மனம் வராமல் காலியாக விட்டேன்.

மற்ற மூன்றும் இரண்டாம் வாரத்தில் கண் திறந்தன. எல்லாம் நீலக் கண். சாம்பல் ஒன்று, மஞ்சள் ஒன்று, மூவர்ணம் ஒன்று. ஒரே ஈற்றில் வெவ்வேறு அப்பன்களின் குட்டிகள் இருக்கலாம் என்று மருத்துவர் விளக்கியதும் ஆயா கூரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை அச்சில் போட முடியாது. மூவர்ணக் குட்டிக்கு மக்சிக் ஆண்பெயர் வைக்கப் பார்த்தார். மூவர்ணம் ஏறக்குறைய எப்போதும் பெண்தான் என்று நான் எடுத்துச் சொன்னேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஓர் அறிவு சேர்ந்திருக்கிறது. நாலாம் வாரம் மணல் தட்டைக் காட்டியதும், யாரும் சொல்லித் தராமலே தோண்டி, உட்கார்ந்து, மூடிவிட்டு வந்தன. பஞ்சுக்கு விடுதலை.

தாயைக் கூண்டில் பிடித்துக் குளுவாங் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவள் கத்தியதைக் கேட்டவர்கள் அவளைத்தான் அநாதை என்று நினைத்திருப்பார்கள். மஞ்சளும் சாம்பலும் மக்சிக் வீட்டுக்குப் போயின. மூவர்ணத்தை, "எனக்கு வேணாம்ப்பா, வளத்தது போதும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த ஆயா ஒருநாள் முந்தானையில் மறைத்து எடுத்துப்போனார். இப்போது அவர் வீட்டு முன்கூடத்தில் ஏணை தொங்குகிறது. ஆட்டினால்தான் அது தூங்குகிறதாம். பாசார் மாலாமுக்குப் போகும்போதெல்லாம் ஆட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். சம்பளம் இன்னும் பேசவில்லை.