இரண்டு மாநில வைத்தியம்

பாறசாலைப் பக்கம் குடியிருப்பவனுக்கு எந்தக் காரியத்துக்கும் இரண்டு மாநிலத்து அபிப்பிராயம் இலவசமாகக் கிடைக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாங்களோ பெட்ரோல் அடிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளைக்குப் போகிறோம், ரேஷன் வாங்க இந்தப் பக்கம் திரும்பி வருகிறோம். உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டு பக்கத்து டாக்டரையும் பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கு முடியவில்லை என்றால் டாக்டர்கள் தாங்களாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

என் கம்ப்யூட்டர் ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. படுக்கப் போகும்போது டிஸ்பிளே கார்டை இயக்கும் நிரலான டிரைவர் புதிதாக வந்திருப்பதாகவும், அதை ஏற்றி முடிக்கும்வரை அணைக்க வேண்டாம் என்றும் சொன்னது. மரியாதையாகச் சொன்னதால் மரியாதையாக விட்டுவிட்டேன். கார்டு எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லமாட்டேன். அங்கே இருப்பவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். காலையில் பட்டனை அமுக்கினால் லோகோ வந்தது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, திரை நீலமாகி நடுவில் ஒரு சோக முகம் தோன்றியது. பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கு மெதுவாக ஏறி நூறைத் தொட்டது. உடனே தானாக அணைந்து, மறுபடி லோகோ, மறுபடி புள்ளி, மறுபடி சோகம். தப்புப் பண்ணியதும் அது, வருத்தப்படுவதும் அது. எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன், கேஎஸ்ஆர்டிசியில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "வோல்டேஜ்தான் சாரே" என்றார். அவருக்கு எல்லாமே வோல்டேஜ்தான். ஃபிரிட்ஜ் கெட்டதும் வோல்டேஜ், அவர் வீட்டு அக்காவுக்குப் பிரஷர் ஏறியதும் வோல்டேஜ்.

அடுத்து ஒரு பையன் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். கேஸைத் திறந்து ராமை உருவி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பொன்னிறப் பல்வரிசையைத் தேய்தேய் என்று தேய்த்தான். இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அந்தப் பல்வரிசையில் அழுக்குப் படிந்தால் கம்ப்யூட்டர் எழும்பாது, ரப்பர் போட்டால் பல சமயம் எழும்பிவிடும். நம் ஊர் மெக்கானிக்குகள் அனுபவத்தில் கண்ட வைத்தியம். என்ன, அது வேறு நோய்க்கு. மேஜை முழுக்க ரப்பர்த் துருவல், திரையில் அதே முகம்.

பிறகு ஒரு ரிட்டயர்டு வாத்தியார். கேரளப் பள்ளிக்கூடங்களில் பல வருஷமாக விண்டோஸுக்குப் பதில், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ்தான். பாடப்புத்தகம்கூடத் தமிழிலும் உண்டு. பாறசாலைப் பிள்ளைகள் அதைத் தொட்டுத்தான் வளர்கிறார்கள். ஆகவே சாருக்கு என் கம்ப்யூட்டர் படுத்ததில் ஒரு தத்துவத் திருப்தி. "காசு கொடுத்து வாங்கினது இப்படித்தான். நான் உபுண்டு லினக்ஸ் போட்டுத் தாறேன்" என்றார். "என் ஃபைலெல்லாம்?" என்றேன். "அது ஃபார்மேட் அடிக்கும்போ போகும்" என்றார், போகவேண்டியது போய்த்தானே ஆகவேண்டும் என்கிற முகபாவத்தோடு.

கடைசியில் களியக்காவிளைக் கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் முடித்தார்: "ஃபார்மேட் பண்ணிரலாம் சார். எல்லா சாஃப்ட்வேரும் சேத்துப் போட்டுத் தாறேன், சாயந்திரம் வந்து எடுத்துக்கிடுங்க." முல்லைப் பெரியாறு அணை விஷயத்தில் ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்களும் என் சி டிரைவை அழிப்பதில் கருத்து வேறுபாடின்றி ஒன்றுபட்டன.

இப்படி ஒரு காலை உலகத்துக்கே விடிந்திருக்கிறது. 2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்திருக்கும் தன் டிரைவர் படிப்பதற்காக ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. அதிலிருந்த விதி 21 விவரங்களை எதிர்பார்த்தது. அந்த நிறுவனத்தின் நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி டிரைவர் கை நீட்டிய இடத்தில் கம்ப்யூட்டர் விழுந்தது. 78 நிமிஷத்தில் ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலம் பாரித்துவிட்டன. ஹைதராபாத் விமான நிலையத்தில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்பது. 15 தடவை வரை செய்து பிழைத்தவர்கள் உண்டாம். நம் கண்டக்டர் அண்ணனே இதைவிட நல்ல யோசனை சொல்லியிருப்பார்.

ஒரு டிரைவருக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? நாம் அன்றாடம் திறந்து மூடும் நிரல்கள் கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். ஒருவர் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்து ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் பந்தியை நடத்தலாம். டிரைவர் அடுக்களைக்குள் நிற்கிற ஆள். அவர் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்தால் பந்தியே கிடையாது. சிஸ்டத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தப்பான இடத்தைத் தொட்டால், மேற்கொண்டு நாசமாகாமல் இருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரையின் அர்த்தம் அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் போனது என்றோ, எழுதியதெல்லாம் அழிந்தது என்றோ அதற்கு அர்த்தமில்லை.

எனக்கு வழி காட்டியது கண்டக்டர் அண்ணனின் பேத்தி, பத்தாம் வகுப்பு. பையனுக்குக் கொடுத்த ரப்பரைத் திரும்ப வாங்கிப் போகத்தான் வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி புதுசா என்ன வந்துது மாமா?" என்று கேட்டாள். அத்தனை வைத்தியர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூட லினக்ஸில் புதுக் கெர்னல் வந்து மக்கர் பண்ணினால், ஸ்டார்ட் ஆகும்போது வரும் மெனுவிலிருந்து பழைய கெர்னலை எடுத்துக்கொள்ளலாமாம். "பழசை அங்கயே வச்சிருக்கும். இதுலயும் காணும்" என்றாள்.

இருந்தது. லோகோ வரும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தோம். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தால் விண்டோஸ் தனக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு பழுது பார்க்கும் திரைக்குப் போகும். "இப்படி அணைச்சா கெட்டுப் போவாதா?" என்று அக்கா பதறினார். இதற்குமேல் கெட என்ன இருக்கிறது? அந்தத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐத் தட்டினால் சேஃப் மோடு.

சேஃப் மோடில் அவசியமான டிரைவர்கள் மட்டும்தான் ஏறும். சேட்டை பண்ணும் டிஸ்பிளே டிரைவர் வெளியே நிற்கும். கறுப்புப் பின்னணி, நான்கு மூலையிலும் சேஃப் மோடு என்ற எழுத்து, பப்படம்போல் பொரிந்து பெருத்த ஐகான்கள். அந்த அலங்கோலத்தைப் பார்த்ததும் கண்டக்டர் அண்ணன் "போட்டே ரைட்!" என்று டபுள் பெல் கொடுத்தார். வண்டி இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது என்று பேத்தி அடக்கினாள். டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்பிளே அடாப்டர், அதன் பிராப்பர்ட்டீஸ், அதில் டிரைவர் என்ற பக்கம். அங்கே ரோல் பேக் டிரைவர் என்றொரு பட்டன். அமுக்கினாள். ஏன் பழையதற்குப் போகிறீர்கள் என்று காரணம் கேட்டது. பழையதே நன்றாக ஓடியது என்ற வரியைத் தொட்டு ரீஸ்டார்ட் கொடுத்தாள். எல்லாம் ராத்திரி விட்ட இடத்திலேயே இருந்தது, பாதி எழுதிய கட்டுரை உட்பட. கட்டுரையை மட்டும் யாராலும் ரிப்பேர் பண்ண முடியவில்லை.

கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்திலும் மருந்து இதேதான். சேஃப் மோடுக்குப் போய், 291 என்ற எண் கொண்ட அந்தப் புது ஃபைலைத் தேடி அழிக்க வேண்டும். விழுந்த கம்ப்யூட்டருக்கு நெட் வழியாக மருந்து போகாது என்பதால், பெரும்பாலும் மனிதர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தவர்கள் அதற்கு முன்னால் 48 இலக்கச் சாவியைத் தேட வேண்டியிருந்தது. சிலருக்கு அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்த சர்வரும் சேர்ந்தே விழுந்து கிடந்தது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே, அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்துதான் கிடக்கும். பிட்லாக்கர் சாவி கேட்கும் கம்ப்யூட்டர் என்றால் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். வேண்டிய ஃபைல்களுக்குப் பென் டிரைவில் ஒரு காப்பி இருக்கட்டும். ஒருநாள் கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்றால், கடைசியாகப் புதிதாக வந்தது எது என்று முதலில் யோசித்து அதை வெளியே தள்ளப் பாருங்கள். ஃபார்மேட் கடைசி மருந்து. அதை முதல் மருந்தாக எழுதிக் கொடுப்பவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், ஒரு சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.