மருமகன் கேட்ட பாரதம்

பாரதக் கதையைப் பக்தியோடு கேட்பவர்கள் உண்டு; புண்ணியம் கருதிக் கேட்பவர்கள் உண்டு; காலட்சேபம் முடிந்தபின் விநியோகமாகும் சுண்டலை உத்தேசித்துக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பாடசாலை மாணாக்கன் என்ற உத்தியோகத்தில் இருந்துகொண்டு, அந்த உத்தியோகத்தின் கஷ்ட நஷ்டங்களைக் கணமும் மறவாமல் ஒருவன் கேட்கத் தொடங்கினால், பதினெட்டுப் பர்வங்களும் என்ன பாடுபடும் என்பதை, எட்டாம் வகுப்பில் வாசிக்கும் என் மருமகனுக்குக் கதை சொல்லும் கைங்கரியத்தை ஏற்ற பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

மகாரதர்கள் எவரிடத்திலும் அவனுக்கு விசேஷ மரியாதை கிடையாது. அவன் கண் முழுவதும் துரோணாசாரியர் மேல்தான். வாத்தியார் என்று ஒருவர் கதையில் அகப்பட்டுவிட்டால் மாணாக்கன் வேறு யாரைக் கவனிப்பான்?

மரத்தின் உச்சியில் பொம்மைப் பட்சி ஒன்றை வைத்து ஆசாரியர் சிஷ்யர்களைச் சோதித்ததையும், மரத்தையும் ஆசாரியரையும் சகோதரர்களையும் பட்சியையும் காண்பதாகச் சொன்ன தர்மபுத்திரர் விலக்கப்பட்டதையும், பட்சியின் தலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்ற அர்ஜுனன் பாராட்டுப் பெற்றதையும் உருக்கமாக வர்ணித்து, மனத்தை ஒருமுகப்படுத்துவதன் மகிமையைப் பற்றிப் பிரசங்கிக்க வாயெடுத்தேன். "மாமா, எங்கள் வகுப்பில் இப்படிச் சொன்னால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். இருந்ததையெல்லாம் ஒழுங்காகப் பார்த்துச் சொன்னவர் தர்மபுத்திரர்தான். அவரைப் போய்ப் பெயிலாக்கிவிட்டாரே!" என்றான்.

ஏகலைவன் கதையில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. கட்டைவிரலைக் குருதட்சிணையாகக் கொடுத்த கட்டத்தை நான் நாத்தழுதழுக்கச் சொல்லி முடித்தபோது, அவன் கண்ணில் நீர் இல்லை. கணக்குப் பார்க்கும் பார்வைதான் இருந்தது. "பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒரு நாள் கூடப் பாடம் நடத்தவில்லை, சம்பளம் மட்டும் வசூல் பண்ணியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தது மண் பொம்மை என்றால், சம்பளத்தை அந்தப் பொம்மையிடம் அல்லவா கட்டியிருக்க வேண்டும்?" என்றான். ஆசாரியரின் பட்சம் நின்று வாதாட நான் தேடிய சமாதானங்களில் ஒன்றுகூட எட்டாம் வகுப்பின் முன் நிற்கத் தக்கதாக இல்லை.

யுத்தத்துக்கு வந்தாலாவது தப்பலாம் என்று எண்ணி, ஓர் அக்ஷௌகிணிக்கு 21,870 ரதங்கள், அதே அளவு யானைகள், 65,610 குதிரைகள், 1,09,350 காலாட்கள் என்றும், கௌரவர் பக்கம் பதினொன்றும் பாண்டவர் பக்கம் ஏழுமாகப் பதினெட்டு அக்ஷௌகிணிகள் திரண்டன என்றும் கம்பீரமாக அறிவித்தேன். உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெருக்கி, யானைகள் மட்டும் 3,93,660 என்று கண்டவன், இத்தனைக்கும் தீனி போட்டது யார் என்றான். யானைகளின் விஷயம் எப்படியானாலும், இரு படையின் வீரர்களுக்கும் பெருஞ்சோறு அளித்தவன் நம் சேரமான் உதியஞ்சேரலாதன் என்று முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியதாகக் கொள்ளப்படும் பாட்டு புறநானூற்றில் இரண்டாவதாக நிற்கிறது என்று சொல்லி நிமிர்ந்தேன். "இரண்டு கட்சிக்கும் சோறு போட்டுவிட்டு ஒரு கட்சியிலும் சேராமல் இருந்தாரா? அப்படியானால் பதினெட்டு நாளும் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்" என்று பையன் தீர்ப்பளித்தான்.

துரோணரை வீழ்த்துவதற்காக அசுவத்தாமன் என்ற யானையைப் பீமன் கொன்றதும், அசுவத்தாமன் மாண்டான் என்று தர்மபுத்திரர் உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் தணிந்த குரலில் சொன்னதும், அதுவரை பூமிக்கு நான்கு அங்குலம் உயரத்தில் ஓடிய அவருடைய ரதம் தரையைத் தொட்டதும் யாவரும் அறிந்தவை. சத்தியத்தின் சூக்ஷ்மத்தைப் பற்றி அவன் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டதோ, அந்த யானை யாருடையது என்பதுதான். பாண்டவர் பக்கம் இருந்த மாளவ மன்னனுடையது என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "வாத்தியார் மகன் பெயரை யானைக்கு வைத்தது அவரிடம் படித்தவர்களின் கட்சியில்தானா? நாங்களும் அப்படித்தான் செய்வோம்!" என்று, வியாச பாரதம் முழுவதற்கும் தன் அங்கீகாரத்தை வழங்கிவிட்டான்.

இப்படிக் குறுக்கே பேசுவது அபசாரம் என்று என் தமக்கை அவனைக் கடிந்துகொண்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அர்ஜுனனுடைய கொள்ளுப்பேரனான ஜனமேஜயன், தன் முன்னோர்கள் ஏன் சண்டையிட்டுக்கொண்டார்கள் என்று சர்ப்பயாக சாலையில் வினவியதனால்தான், வியாசரின் கட்டளைப்படி வைசம்பாயனர் கதையைத் தொடங்கினார். நைமிசாரணியத்து முனிவர்கள் மறுபடியும் கேட்டதனால்தான் உக்கிரசிரவஸ் அதைத் திருப்பிச் சொன்னார். ஒரு லட்சம் சுலோகங்கள் என்று பெயர்பெற்ற அந்த இதிகாசம் அடிமுதல் நுனிவரை, கேட்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்.

ஆகவே, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உட்காரும் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. பதில் தெரியாவிட்டால் பேச்சை மாற்றுங்கள், பலகாரம் கொடுங்கள், தூக்கம் வருகிறதென்று எழுந்துகூடப் போங்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜனமேஜயனை யாராவது அப்படி அடக்கியிருந்தால், சொல்வதற்கு நம்மிடம் பாரதமே இருந்திராது.