இரும்பு அடிக்கிற இடத்தில் ஈ

ஓய்வு பெற்ற மனிதன் நடைப்பயிற்சி போகலாம், பேரனைப் பள்ளியில் விடலாம், விடிந்ததும் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தாமரைப்பூ அனுப்பலாம். கொல்லைப்புறத்தில் உலை மூட்டி இரும்படித்தால் மட்டும் சொந்தக்காரர்கள் மனைவியைத் தனியே அழைத்து, “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று குரலைத் தாழ்த்துகிறார்கள்.

சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. செய்தித்தாளை மடித்து மனைவி முன்னால் வைத்தேன். நம் ரத்தத்தில் ஊறிய தொழில் என்பது என் வாதம். “அவங்கதான் அப்பவே அடிச்சு முடிச்சுட்டாங்களே, மிச்சம் என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

இந்த வழிக்கு வர நினைக்கும் சக ஓய்வூதியர்களுக்குச் சில தகவல்கள். இரும்பை வைத்து அடிக்கப் பட்டடை வேண்டும். எல்லாரும் சொல்லும் யோசனை, ஒரு துண்டு தண்டவாளம். அதைச் சொல்பவர்கள் யாரும் 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டத்தைச் சொல்வதில்லை. எப்படி வந்தது என்று கணக்குக் காட்ட முடியாத தண்டவாளத்துக்கு ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். அங்கே பட்டறை இருக்கலாம்தான், ஆனால் நேரம் அவர்கள் சொல்வதுதான். பழைய இரும்புக்கடையில் பெரிய சம்மட்டித் தலை ஒன்றை எடை போட்டு வாங்கி, மரக்கட்டையில் பாதி புதைத்து வைத்தால் போதும். கைகளைத் தொங்கவிட்டு நின்றால் மடக்கிய விரல் முட்டிகள் தொடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். தாழ்ந்தால் இடுப்பு போகும், உயர்ந்தால் தோள் போகும். கட்டைக்குப் புளியமரம்தான் சரி. மரக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஆடா, கோழியா சார்?” என்றார். இரும்பு என்றேன். அதற்கு அவரிடம் அடுத்த கேள்வி இல்லை.

உலைக்கு லாரியின் பழைய பிரேக் டிரம். காற்றுக்குத் துருத்தி தேடி அலைய வேண்டியதில்லை, தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரே ஊதித் தள்ளும். அது யாருடைய ஹேர் டிரையர் என்பதை மட்டும் முதலில் பேசித் தீர்த்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது. கரி, சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம் பக்கத்து மூட்டங்களிலிருந்து வருகிற மூட்டை. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வாங்கும் கடையில்தான் நானும் வாங்குகிறேன். நான் மூட்டை மூட்டையாய் ஏற்றுவதைப் பார்த்த நாளிலிருந்து அவர் என் சட்டைகளைக் கடைசியில்தான் தேய்த்துத் தருகிறார். போட்டிக்கு வருகிறேன் என்று சந்தேகம்.

வெயிலில் மட்டும் உலை மூட்டாதீர்கள். மதுரை வெயிலில் பழுத்த இரும்பும் கறுப்பாகத்தான் தெரியும். நிழலில் நின்றால்தான் நிறம் பேசும். மங்கிய சிவப்பில் அடிக்கத் தொடங்கக் கூடாது, அது அடிப்பதை நிறுத்தும் நிறம். ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறியதும் வெளியே எடுத்து ஓங்க வேண்டும். வெள்ளையாகிப் பூமத்தாப்பு போலப் பொறி சிந்தினால் இரும்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை அனுபவித்துப் பாருங்கள், வேறு எதற்கும் இனி ஆகாது.

சிவந்த இரும்பை யாரும் தொட மாட்டார்கள். ஆபத்து, சிவப்பு அடங்கி ஒன்றும் தெரியாததுபோல் தரையில் கிடக்கும் கறுத்த இரும்புதான். நானூறு டிகிரியிலும் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது. எடுக்கும் முன் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். இதை விடக் கெட்டது ஜி.ஐ. குழாய். மேலே பூசிய துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும். இந்த ஒன்றில் எனக்கு நகைச்சுவை கிடையாது. பூசிய இரும்பை உலைக்குள் விடாதீர்கள். பாலியெஸ்டர் சட்டையும் வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி வேட்டியை மடித்துக் கட்டுவது கம்பீரம்தான், பொறி பறக்கும் உயரம் தெரியும்வரை.

வெட்டும் கருவி செய்ய வேண்டுமென்றால் கட்டடக் கம்பி உதவாது, லாரியின் ஸ்பிரிங் பட்டை வேண்டும். அதில் கரிமம் அதிகம், தோய்த்தால் விறைக்கும். பதம் பார்க்க ஒரு காந்தம் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை மறந்துவிடும். ஒட்டாமல் போனதும் இன்னும் ஒரு மூச்சுச் சூடேற்றி எண்ணெயில் இறக்கலாம். நான் கடலை எண்ணெயில் இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பையன் தட்டோடு வந்து நின்றான். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், இருநூறு டிகிரிக்குச் சற்று மேலே மறுபடி மெதுவாகக் காய்ச்ச வேண்டும். தேய்த்த முகத்தில் வைக்கோல் நிறம் படரும். மனைவி கேக் செய்யும் ஓவன் இதற்கு மிகப் பொருத்தம். அது இப்போது பூட்டு போட்ட அலமாரியில் இருக்கிறது.

நான் அதிகம் செய்வது கொக்கிகள். எதைத் தொடங்கினாலும் நீளம் குறைந்து, நுனி எரிந்து, கடைசியில் கொக்கியாகிவிடும். எங்கள் வீட்டில் மாட்டுவதற்குப் பொருள்தான் இல்லை. ஆனால் மதுரையில் ஒருவன் பொழுதுசாய இரும்படிக்கிறான் என்றால் தெரு நினைப்பது கொக்கியை இல்லை. எங்கள் வாசலை மறித்துக் கார் நிறுத்தும் எதிர்வீட்டுக்காரர், நான் சொல்லியும் கேட்காதவர், இப்போது தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். “அண்ணே, சௌக்கியமா?” என்று விசாரிக்கவும் செய்கிறார். நானும் சம்மட்டியைக் கீழே வைக்காமலே சௌக்கியம் என்கிறேன்.

கொக்கியாகாமல் தப்பிய ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு திருப்பாச்சேத்திக்குப் போனேன். மதுரைக்கும் மானாமதுரைக்கும் நடுவில், அரிவாளுக்குப் பேர்போன ஊர். அங்கே பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று சொல்லி நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் ஓடிய மயிரிழை விரிசலை நகத்தால் தடவினார். என்னைக் கேட்காமலே உலைக்குள் செருகி, பழுத்ததும் எடுத்து, விரிசலோடு கழுத்தை வெட்டி எறிந்து, நாலு தட்டில் புதுக் கழுத்து இறக்கினார்.

“பேங்க்ல எதுல சார் இருந்தீங்க?”

“கடன் வசூல் பிரிவுங்க.”

“அதான், ஆறினப்புறமும் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க.”