மேப் போட்டு வருகிறவர்

நவக்கிரகக் கோவில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடக் கிளம்பும் காரில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை ஒருவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப்பையில் கண்ணாடி, மடியில் சார்ஜர் வயர், கையில் செல்போன். பின்சீட்டிலிருந்து யாராவது "வழி தெரியுமா?" என்று கேட்டுவிட்டால், வம்சத்தையே பழித்ததுபோல் திரும்பிப் பார்ப்பார். "மேப் போட்டாச்சு." அதோடு வழக்கு முடிந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைச் சாலைகளில் சனி, ஞாயிறு இவரைப் பார்க்காமல் தப்ப முடியாது. டீக்கடையில் காரை நிறுத்தச் சொல்வார், டீ குடிப்பார், வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருக்கிறதா என்றுகூட விசாரிப்பார். வழி மட்டும் கேட்கமாட்டார். மேப்பையே கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று ஊரில் இவருக்குப் பெயர். என் கட்சி வேறு. மேப்பை நம்பி இவர் கெடவில்லை. மேப்பைப் பார்க்காமல்தான் கெடுகிறார்.

அவர் பார்ப்பது இரண்டே சங்கதி: நீலக் கோடு, சேரும் நேரம். திரையின் மிச்சமெல்லாம் அவருக்குப் புறம்போக்கு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறார். பின்சீட்டுக் குழந்தை "இது என்ன ஆறு?" என்று கேட்டால் "காவிரி" என்பார், ஐந்து முறையும். வேறு ஊராக இருந்தால் இந்த அறியாமைக்கு அபராதம் கிடையாது, டெல்டாவில் உண்டு. இங்கே ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. சாலைகளில் பல அவற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகின்றன. வடக்கு தெற்காகப் போக வேண்டியவர் பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் ஆக வேண்டும். எதிர்க்கரையில் கோபுரம் தெரியும், மணிச்சத்தம்கூடக் கேட்கும். சக்கரத்துக்கு அது நாலைந்து கிலோமீட்டர். இரண்டு விரலால் திரையைச் சுருக்கிப் பார்த்தால் இந்த ரகசியம் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். சுருக்கமாட்டார். சுருக்கினால் நீலக் கோடு சின்னதாகிவிடுமாம்.

ஊர்ப் பெயரில் காட்டும் அலட்சியம் இதற்கும் ஒரு படி மேல். குரு ஸ்தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்குத் தெற்கே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தாலுகா அலுவலகத்தோடு இன்னோர் ஆலங்குடி. சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கம். ஈரோடு மாவட்டத்திலும் ஒரு திங்களூர். சுக்கிரனின் கஞ்சனூர் காவிரிக்கு வடக்கே. விழுப்புரம் மாவட்டத்திலும் ஒரு கஞ்சனூர். ஒன்பதில் மூன்றுக்கு இப்படி இரட்டைப்பிறவி. செயலி மாவட்டத்தின் பெயரை அடியில் போட்டுத்தான் காட்டுகிறது. நம்மவர் முதலில் வந்த பெயரைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்காருவார். குரு பெயர்வது ராசி விட்டு ராசி. இவர் பெயர்வது மாவட்டம் விட்டு மாவட்டம்.

முழுத் திறமையும் வெளிப்படுவது ஆற்றங்கரைச் சாலையில்தான், அதுவும் அறுவடைக் காலத்தில். '4 நிமிடம் மிச்சம்' என்று செயலி ஆசை காட்டும். சூரியனார்கோவிலுக்கு நேராகப் போகச் சொல்லும் பலகையை மனைவி காட்டினால், "அது பழைய போர்டு" என்று சொல்லி வண்டியைக் கரைமேல் ஏற்றச் சொல்வார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வாழைத்தோட்டம். நடுவில் இருக்கும் தாரில் பாதியை நெல் பிடித்திருக்கும். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைப் பொதுவாக எடுக்கமாட்டார்கள். களம் போதாத ஊரில் சாலைதான் களம். செங்கல்லையும் முள்கிளையையும் வரிசையாக அண்டைக்கு வைத்துவிட்டு, காலால் நெல்லைக் கிளறிக் கோடு போட்டபடி ஒருவர் நடந்துகொண்டிருப்பார். எதிரே அறுவடை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு லாரி.

"இதுல கார் போவாது சார். பெரிய ரோட்டப் புடிச்சிப் போயிடுங்க."

"மேப்ல போகுதே!"

"மேப்புல போவும் சார். காருதான் போவாது."

அரை கிலோமீட்டர் ரிவர்ஸில் வரும்போதும் அவர் கண் சேரும் நேரத்தின்மேல்தான்.

இதற்குச் செயற்கைக்கோளைத் திட்டுகிறவர்கள் உண்டு. அநியாயம். அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கிவிட்டது. திறந்த வானத்தின் கீழ் ஒரு செல்போன் தன் இடத்தை ஏறத்தாழ 5 மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. வானம் திறந்து கிடப்பதில் டெல்டாவை மிஞ்ச ஊர் ஏது? கரைச் சாலையின் தார் அந்த 5 மீட்டர்கூட இருக்காது என்பதால் நீலப் புள்ளி அவ்வப்போது ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டு வரும், அவ்வளவுதான். நேரக் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. சாலையில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் செல்போன்களின் வேகத்தை வைத்துத்தான் செயலி நெரிசலைக் கணிக்கிறது. நாலு பேர் போகாத கரைச் சாலையில் அதற்குச் சாட்சி கிடைப்பதில்லை. நெல் காய்வதை அதற்கு யார் சொல்வது? முன்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்லத்தான் முன்சீட்டில் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டை ஒருமுறை முழுசாகப் பார்ப்பதற்கு வில்லியம் லாம்டன் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் நில அளவையைத் தொடங்கியவர் காவிரிச் சமவெளிக்கு வந்தபோது ஏற மலை இல்லை, தென்னை மறைத்தது. கோவில் கோபுரங்களின்மேல் ஏறி அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் 216 அடி விமானத்தின்மேல், கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை இழுத்து ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. மனிதர் ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சீர்செய்தார். நம்மவர் கையில் இருப்பதோ கால் கிலோகூட இல்லாத கருவி. கயிறு வேண்டாம், ஏற வேண்டாம். விரலை அசைத்தால் போதும்.

ஊர்க்காரரைக் கேட்டால் மட்டும் வாழ்ந்துவிடுமா என்று இவர் தரப்பில் கேட்கலாம். கேள்வி நியாயமானது. "இதோ பக்கத்துலதான்" என்பது ஒரு கிலோமீட்டராகவும் இருக்கும், ஆறாகவும் இருக்கும். "ரைஸ் மில் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்" என்பார்கள். அந்த மில்லை இடித்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். தெரியாது என்று சொல்வது நம் ஊரில் மரியாதைக்குறைவு. தெரியாதவர்தான் கூடுதலாகக் கையை நீட்டி விளக்குவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்கவும் ஆள் கிடைக்காது. இத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி கேட்பது திருப்பங்களை எழுதிக்கொள்வதற்காக அல்ல. எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்தச் சாலையில் நெல் கிடக்கிறது, எங்கே திருவிழாவுக்குப் பந்தல் போட்டு அடைத்திருக்கிறார்கள் என்ற அன்றைய சேதி டீக்கடையில்தான் கிடைக்கிறது. மேப்பையும் பார்த்து, டீக்கடையையும் கேட்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

ஆகவே முன்சீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்புமுன் மாவட்டத்தின் பெயரைப் படியுங்கள். திரையைச் சுருக்கி, எத்தனை ஆறு, எங்கே பாலம் என்று பாருங்கள். 4 நிமிடத்துக்காகக் கரையேறாதீர்கள். மதியம் 12, 12.30-க்குப் பல கோவில்களில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இவ்வளவும் முடியாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2024-இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் வேறு ஏதாவது பார்த்துக்கொண்டு வரலாம். ஓட்டுநருக்கு வழி தெரியும்.