எரர் வருதுண்ணே

"அண்ணே, எரர் வருதுண்ணே."

செய்தி இவ்வளவுதான். எந்த மொழியில் எழுதினாய், என்ன செய்யப் பார்த்தாய், எந்த வரியில் நின்றது, ஒன்றும் இருக்காது. "என்ன எரர்ப்பா?" என்று கேட்டால், "தெரியலண்ணே, செவப்பா வருது" என்று பதில் வரும். அதற்குப் பிறகு ஒரு போட்டோ வரும்.

ஸ்கிரீன்ஷாட் என்றொரு வசதி எல்லாக் கம்ப்யூட்டரிலும் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் அதற்கு இன்னும் ஆதரவு சேரவில்லை. லேப்டாப்புக்கு எதிரே நின்றுகொண்டு செல்போனைச் சாய்த்துப் பிடித்துத்தான் எடுப்பார்கள். திரை முழுக்கக் கோடு கோடாக வானவில் ஓடும். நடுவில் டியூப்லைட் மின்னும். சுவரில் மாலை போட்டிருக்கும் தாத்தாவும் மங்கலாகத் தெரிவார். பைத்தானில் எது தப்பு என்கிற சங்கதி கடைசி வரியில்தான் இருக்கும். தாத்தா வரைக்கும் வந்த படத்தில் அந்தக் கடைசி வரி மட்டும் வந்திருக்காது.

நான் பிழைப்புக்கு ஐடி கம்பெனி. மிச்ச நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிரல் சந்தேகம் தீர்க்கிறேன். கூட இன்னும் சில நண்பர்கள். சம்பளம் கிடையாது, டீச்செலவு எங்களுடையது. 2023 ஜூலையில் மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, அந்தப் பக்கத்து டீக்கடைகளில் லேப்டாப் பையோடு நிற்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் அங்கேதான். "வீட்டு மோட்டார் ஸ்விட்ச்சு என்னைக்கிருந்தோ தீயுது, இவரு ஊருக்கெல்லாம் எரர் பாக்குறாரு" என்பது என் மனைவியின் கருத்து. நியாயமான கருத்துதான். ஆனாலும் ஸ்விட்ச்சை இன்னும் மாற்றவில்லை.

திருமங்கலத்துப் பையன் ஒருவன் தாயக்கட்டை விளையாட்டு எழுதினான். நல்ல யோசனை. கட்டையை உருட்ட 'ரேண்டம்' என்ற நிரல்தொகுப்பு வேண்டும். தன் கோப்புக்கும் அதே பெயரை வைத்துச் சேமித்துவிட்டான். பைத்தான் முதலில் பக்கத்தில் இருக்கும் கோப்பைத்தான் தேடும். தேடியது, அவனுடைய கோப்பே கிடைத்தது, தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு முழித்தது. என்னிடம் வருவதற்குள் அவன் பைத்தானை அழித்துவிட்டு மறுபடி போட்டிருந்தான். அப்படியும் சரியாகாமல் விண்டோஸையே மாற்றியிருந்தான். "லேப்டாப்பே கரப்ட் ஆயிருச்சு போலண்ணே. புதுசு வாங்கணும்னு வீட்ல சொல்லிட்டேன்" என்றான்.

இது உலகம் முழுக்க நடக்கிற கூத்து. பைத்தானை உருவாக்குகிறவர்களுக்கே பொறுக்கவில்லை. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில், உன் கோப்பின் பெயரும் உள்ளிருக்கும் தொகுப்பின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பெயரை மாற்றிப் பார் என்று எரரிலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2021இல் வந்த 3.10இல், திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை என்று எந்தக் குறி என்பதைச் சுட்டிச் சொல்ல வைத்தார்கள். 'பிரிண்ட்' என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், நீ சொல்லவந்தது பிரிண்ட்டா என்று பணிவாகக் கேட்கவும் வைத்தார்கள். எங்கிருந்தோ சில புண்ணியவான்கள் நம்மிடம் காசு வாங்காமல் உட்கார்ந்து இத்தனையும் எழுதியிருக்கிறார்கள். திருமங்கலத்தான் லேப்டாப்பில் 3.13தான் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

சிவப்பெழுத்தைக் கண்டால் ஏன் இப்படிக் கண்ணை மூடுகிறார்கள்? இங்கிலீஷ் பயம் என்பார்கள். பாதிதான் உண்மை. கணியம் தளத்தில் து. நித்யா முதலானவர்கள் எழுதிய 'எளிய தமிழில்' புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் தமிழிலேயே இருக்கிறது. ஒருவனுக்குத் தமிழ்ப் புத்தகத்தை அனுப்பினேன். "சூப்பர்ணே, இதுக்கு வீடியோ இருக்கா?" என்று கேட்டான்.

என் சந்தேகமெல்லாம் ரெக்கார்டு நோட்டின் மேல்தான். வலது பக்கம் நிரல், இடது பக்கம் அவுட்புட். இரண்டும் போன வருஷத்து அண்ணன் நோட்டிலிருந்து வரும். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே விடையைப் பென்சிலால் கட்டம் போட்டு எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். பிராக்டிகல் தேர்வில் திரை சிவந்தால் மார்க் போச்சு. நாலு வருஷம் இப்படிப் பழகியவனுக்கு எரர் என்பது படிக்கிற சமாச்சாரமல்ல, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவதற்குள் மறைக்கிற சமாச்சாரம். போட்டோவில் அந்த வரி விழாமல் போவதற்கும் இதுதான் காரணமோ என்று எனக்கொரு ஐயம் உண்டு.

சில பிள்ளைகள் இன்னமும் நீலத்திரை டர்போ சி++ மென்பொருளோடு வருகிறார்கள். போர்லாண்டு கம்பெனி 1990களின் தொடக்கத்தில் விற்ற சரக்கு. சி++ மொழிக்கு 1998இல்தான் உலகத் தரம் வகுத்தார்கள். அதற்கும் மூத்த மென்பொருளில் படித்துவிட்டு, புது கம்பைலரில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்று அடித்தால் அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது. "எங்க லேப்ல ஓடுச்சேண்ணே" என்கிறான். ஓடியிருக்கும். வாத்தியார் படித்தபோதும் ஓடியிருக்கும்.

இன்னொரு வகை உண்டு, இது ஆளை உண்மையிலேயே வாட்டும். "மார்க்1, மார்க்2ன்னு அறுபது மாறியை லூப்புக்குள்ளயே உண்டாக்க முடியுமாண்ணே?" முடியும், ஆனால் கோணல் வழி. நாங்கள் நாலு பேர் அதற்கு வாதம் பண்ணி, ஒருவர் மேல் ஒருவர் கோபித்து, ஒரு வழியாகச் செய்து கொடுத்தோம். அப்புறம் மெதுவாகச் சொல்கிறான், வகுப்பில் அறுபது பேர் மார்க்கை வைக்க வேண்டுமாம். ஒரே ஒரு லிஸ்ட் போதுமே, ராசா! ஆரப்பாளையத்துக்கு வழி கேட்டு, அங்கே போய் இறங்கின பிற்பாடு "திருநெல்வேலி பஸ் எங்கிட்டு நிக்கும்?" என்று விசாரிக்கிற கதை இது. அந்த பஸ் நிற்கிற மாட்டுத்தாவணி ஊரின் அந்தக் கோடியில் கிடக்கிறது.

எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஏற்கனவே ஒருவர் முயன்றார். எரிக் ரேமண்ட், ரிக் மோயன் என்பவரோடு சேர்ந்து 2001இல் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று நீண்ட கட்டுரை எழுதினார். உலகமே அதைப் பரிமாறிக்கொண்டது. விளைவு, அதைப் பார்த்தவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் பிரச்சினைகளை அந்த இருவருக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்களிடம் உதவி கேட்காதீர்கள் என்று கட்டுரையின் தலையிலேயே எழுதிவைக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

கோபித்துக்கொள்கிற கட்சியும் ஜெயிக்கவில்லை. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிதாக வருகிறவனைத் துரத்துவதே ஒரு கலையாக வளர்ந்தது. நாங்கள் வரவேற்கிற மாதிரி இல்லை என்று 2018இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். "கூகுள் பண்ணிப் பார்" என்று விரட்டுவது எனக்கும் பிடிக்காது. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பிடிக்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும், இனி நிம்மதி என்று டீக்கடையில் வடை வாங்கிக் கொண்டாடினோம். அவசரப்பட்டுவிட்டோம். முன்பெல்லாம் அவனவன் தப்பு அவனவன் கைப்பட இருக்கும். இப்போது முந்நூறு வரி, பார்க்க லட்சணமாக, யார் எழுதினதென்றே தெரியாமல் வருகிறது. "இதுல எந்த இடம்ப்பா உன்னுது?" என்று கேட்டால், "பேரு என்னுதுண்ணே" என்கிறான். அந்த முந்நூறு வரிக்கும் இப்போது சர்வீஸ் சென்டர் நாங்கள்தான்.

போன மாசம் சோழவந்தான் பையன் ஒருவனின் அப்பா போன் பண்ணினார். கொடிக்கால் வைத்திருக்கிறவர். மானியத்துக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாராம், நின்றுவிட்டதாம். "என்ன வருதுங்கய்யா?" என்றேன், பழக்கதோஷத்தில். "நமக்கு இங்கிலீசு வாசிக்க வராது தம்பி, எழுத்து மட்டுந்தான் தெரியும், சொல்லட்டா?" என்றார். "எஸ்... ஈ... எஸ்ஸு ரெண்டு... ஐ... ஓ... என். இங்கன இடம் விட்டுருக்கு. ஈ... எக்ஸ்..." என்று கடைசிப் புள்ளி வரைக்கும் சொன்னார். "நடுவுல மச்சினன் போன் பண்ணுனான், அரை மணி நேரம் பேசிட்டு வந்து அமுக்குனேன், அப்பத்தேன் இப்பிடி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்ப லாகின் பண்ணச் சொன்னேன். பண்ணினார், விண்ணப்பம் போய்விட்டது.

மறுநாள் மகன் கையில் இரண்டு கவுளி வெற்றிலை கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிற ஆளே கிடையாது. வந்தவன் திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்து லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்தான்.